ஊட்டியில் வருஷம் ஏழு நாள்: ரிசார்ட் மெம்பர்ஷிப் வாங்கலாமா?

கோவையிலோ மதுரையிலோ ஒரு மாலில் குலுக்கல் கூப்பன் எழுதிப் போட்டால் அடுத்த வாரமே போன் வரும். பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், ஒரு மணி நேரம் போதும் என்பார்கள். அந்த ஒரு மணி மூன்று மணி ஆகும். கடைசியில் மேசைமேல் வந்து உட்காருவது 25 வருட ஒப்பந்தம்: ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் வருஷத்துக்கு ஏழு இரவு தங்கும் உரிமை. ஓர் அறையைப் பல பேருக்கு வாரக் கணக்கில் விற்கும் இதன் பழைய பெயர் டைம்ஷேர். அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்பதால் இப்போது ஹாலிடே மெம்பர்ஷிப், வெகேஷன் கிளப் என்று பெயர். சரக்கு அதேதான்.

தங்கிப் பார்க்காமலே, கையில் இருக்கும் வழவழப்பான புத்தகத்தையும் எதிரில் இருப்பவர் பேச்சையும் மட்டும் வைத்துப் பல லட்சத்துக்கு முடிவெடுக்கச் சொல்லும் பொருள் இது. மலைப்பகுதியில் பெரிய பெயர்கள் இரண்டு: 1986-ல் தொடங்கிய ஸ்டெர்லிங், 1996-ல் வந்த கிளப் மஹிந்திரா. இரண்டுக்கும் ஊட்டியில் ரிசார்ட் உண்டு. சிறிய கிளப்புகள் ஏராளம். இங்கே எழுதுவது எந்த ஒரு நிறுவனத்தையும் பற்றி அல்ல. யாருடைய ஒப்பந்தமாக இருந்தாலும் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை.

முதலில், இது சொத்து இல்லை. பட்டா கிடையாது, வில்லங்கச் சான்றிதழில் உங்கள் பெயர் வராது, இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை வெறும் பயன்பாட்டு உரிமைதான். “ஊட்டியில உங்களுக்குன்னு ஒரு வீடு மாதிரி சார்” என்று சொல்வார்கள். அந்த வாக்கியத்தில் உண்மையான சொல் ‘மாதிரி’ மட்டும்.

அறைக்கு என்று நினைத்துக் கொடுக்கும் பணம் போய்ச் சேர்வது அந்த அறைக்கான வரிசையில் ஓர் இடத்துக்கு. அதனால் கட்டில் எப்படி, பால்கனியிலிருந்து என்ன தெரிகிறது என்று ஆராய்வதற்கு முன்னால் வரிசையைத்தான் ஆராய வேண்டும். கணக்கு எளிது. ஓர் அறைக்கு வருஷத்தில் 52 வாரம். ஆளுக்கு ஒரு வாரம் என்று விற்றால் ஓர் அறையை 52 குடும்பத்துக்கு விற்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாரும் கிளம்பக்கூடிய வாரங்கள் எத்தனை? கோடை விடுமுறை, காலாண்டு, அரையாண்டு, பொங்கல் எல்லாம் சேர்த்தாலும் ஏறக்குறைய ஒன்பது. மே மாதம் என்றால் ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் கொடை பிரையண்ட் பூங்காவிலும் மலர்க் கண்காட்சி வேறு. கேரளா, கர்நாடகா உறுப்பினர்களும் அதே மே மாதத்தில்தான் மலை ஏறுவார்கள். 52 பேரும் ஒன்பது வாரத்துக்கு அடித்துக்கொண்டால் 43 பேருக்குக் கிடைக்காது. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை, கணக்கே அப்படி. நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால் ஆண்டறிக்கையில் உறுப்பினர் எண்ணிக்கையும் அறை எண்ணிக்கையும் கிடைக்கும். வகுத்துப் பாருங்கள். ஓர் அறைக்கு எத்தனை உறுப்பினர் என்ற அந்த ஒரு எண், புத்தகத்தில் உள்ள எல்லாப் படங்களையும்விட அதிகம் சொல்லும்.

இந்த நெரிசலைச் சமாளிக்கத்தான் சீசன் வண்ணங்கள். ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு வகை வைத்திருப்பார்கள். பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஊதா விலை அதிகம், எந்த வாரத்துக்கும் கேட்கலாம். வெள்ளை, நீலம் விலை குறைவு, மேல் சீசனில் கேட்க முடியாது, அல்லது மற்றவர்கள் எடுத்து மிஞ்சியதைக் கடைசி நேரத்தில் கேட்கலாம். “முதல்ல ஒயிட் எடுத்துக்குங்க மேடம், அப்புறம் அப்கிரேட் பண்ணிக்கலாம்” என்பது விற்பனை மேசையில் அடிக்கடி வரும் வாக்கியம். பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வெள்ளை சீசன் வாங்கித் தருவது, சைவக்காரரைப் பிரியாணிக் கடைக்கு மாதச் சந்தா கட்டவைப்பது போல.

வரிசையைச் சோதிக்க ஒரே வழி, விற்பவரின் கணினியில் முன்பதிவுத் திரையை உங்கள் கண்முன் திறக்கச் சொல்வது. மாதிரித் திரை, ஸ்கிரீன்ஷாட் எதுவும் வேண்டாம். நான்கு தேடல் போதும். ஒன்று, மே இரண்டாவது வாரம், ஊட்டி, நீங்கள் வாங்கப்போகும் அதே அறை வகை, நான்கு இரவு. இரண்டு, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, கொடைக்கானல். மூன்று, ஆயுத பூஜையை ஒட்டிய வெள்ளி, சனி, ஞாயிறு. நான்கு, ஜூலையில் ஒரு செவ்வாய், புதன். நான்காவது கட்டாயம் கிடைக்கும். விற்பவர் அதைத்தான் முதலில் காட்டுவார். முதல் மூன்றுக்கு ‘வெயிட்லிஸ்ட்’ என்று வந்தால், முன்பதிவு எத்தனை நாளுக்கு முன் திறக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, திறந்த அன்று எவ்வளவு நேரத்தில் தீர்கிறது என்று கேளுங்கள். உங்கள் சீசன்காரருக்கும் ஊதாக்காரருக்கும் ஒரே நாளில் திறக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் மேல் சீசன்காரர்களுக்கு முன்கூட்டியே கதவு திறக்கும், கீழே உள்ளவர் போகும்போது இலை எடுத்திருப்பார்கள். தெரிந்தவர் யாராவது உறுப்பினராக இருந்தால் அவருடைய லாகினில் இதே தேடலை ஒரு சாதாரண நாளில் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

இனி பணம். விற்பவர் ஒரு வெள்ளைத் தாளை எடுப்பார். “ஊட்டியில நல்ல ஓட்டல் ஒரு நாளைக்கு எவ்வளவு சார்? எட்டாயிரம் வைங்க.” எட்டாயிரத்தை ஏழால் பெருக்கி 56,000 என்று எழுதுவார். வருஷத்துக்குப் பத்து சதவீதம் விலை ஏறும் என்று 25 வருஷத்துக்குக் கூட்டினால் 55 லட்சம். அதைச் சுற்றி வட்டம். பக்கத்தில் மெம்பர்ஷிப் விலை, உதாரணத்துக்கு 5 லட்சம், அதற்கும் ஒரு வட்டம். 50 லட்சம் மிச்சம்! பேனா அப்படியே உங்கள் பக்கம் திரும்பும்.

அந்தத் தாளில் எழுதாமல் விட்டதை எழுதிப் பார்ப்போம். 5 லட்சத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 5,90,000. இந்தப் பணம் 6.5 சதவீத வட்டியில் வங்கியில் இருந்து, 25 வருஷத்தில் அசலும் வட்டியும் தீரும்படி வருஷா வருஷம் ஒரே தொகையாக எடுத்தால் வருஷத்துக்கு சுமார் 48,400 கிடைக்கும். அதைத்தான் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். அடுத்தது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். 18,000 என்று வைத்தால் ஜிஎஸ்டியோடு 21,240. இரண்டும் சேர்ந்து 69,600. ஏழால் வகுத்தால் முதல் வருஷமே ஓர் இரவுக்குச் சுமார் 9,950 ரூபாய், சாப்பாடு இல்லாமல். வரிசையில் இடம் கிடைக்காமல் ஐந்து இரவுதான் தங்கினீர்கள் என்றால் இரவுக்கு 13,900. விற்பவர் எழுதிய எட்டாயிரம் ரூபாய் ஓட்டல் மலிவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

பராமரிப்புக் கட்டணம்தான் இந்த வியாபாரத்தின் முழங்கால் வலி. ஓட்டல் வாடகைக்குப் பத்து சதவீதம் ஏற்றியவர் இதற்கு ஒரு சதவீதம்கூட ஏற்றியிருக்க மாட்டார். வருஷத்துக்கு 6 சதவீதம் மட்டும் ஏறினாலும் அந்த 21,240, 25-ஆவது வருஷத்தில் 86,000 ஆகும். 25 வருஷத்துக்கும் கூட்டினால் 11.65 லட்சம், மெம்பர்ஷிப் விலையைப் போல இரண்டு மடங்கு. பெரும்பாலான திட்டங்களில் போனாலும் போகாவிட்டாலும் இதைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முன்பதிவு திறக்காது, பாக்கிக்கு வட்டி ஏறும். ஆகவே விலை பேரம் பேசுவதில் நேரத்தைக் கழிக்காமல், இந்தக் கட்டணம் எதை வைத்து ஏறும், உச்சவரம்பு உண்டா என்ற பிரிவைத் தேடுங்கள். ‘நிறுவனம் அவ்வப்போது நிர்ணயிக்கும்’ என்று மட்டும் இருந்தால் வரம்பு இல்லை என்று அர்த்தம்.

இஎம்ஐ போட்டால் இன்னொரு சுற்று. பத்து சதவீதம் முன்பணம் போக 5,31,000 பாக்கி, 15 சதவீத வட்டி, 48 மாதம் என்றால் மாதம் 14,780 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 1.78 லட்சம். ரத்து செய்தால் கடன் தானாக நின்றுவிடாது, குறிப்பாகக் கடன் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனம் என்றால்.

2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ஓட்டல் அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். மெம்பர்ஷிப்புக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் 18. வெள்ளைத் தாளில் இதுவும் வராது.

மலைக்கே உரிய சங்கதிகள் சில உண்டு. சமவெளி விற்பனை அரங்கில் உட்கார்ந்தால் தெரியாதவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அக்டோபர், நவம்பரில் கொடைக்கானலிலும் குன்னூர், கோத்தகிரிச் சரிவிலும் வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்தால் மலை ரயில் நிற்கும், சாலையும் அடைபடும். விலை குறைந்த சீசன் வாரங்கள் பலவும் இந்த மாதங்களில்தான் வந்து விழும். மழை பிடித்தவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, மூடுபனியில் வர்க்கி தொட்டுச் சூடாக டீ குடிப்பது சுகம்தான். ஆனால் அந்த வாரத்துக்கு உள்ளூர் லாட்ஜிலேயே பாதி விலைக்கு அறை கிடைக்கும் என்பதை மறக்கக் கூடாது.

கோடையில் வேறு வகைச் சிக்கல். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு வந்தது. ரிசார்ட் முன்பதிவு உறுதியானாலும் இ-பாஸ் தனியாக எடுக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு கேள்வி: அரசு உத்தரவாலோ மண்சரிவாலோ போக முடியாவிட்டால் அந்த நாட்கள் அடுத்த வருஷத்துக்கு நகருமா, கழிந்துவிடுமா?

ரிசார்ட் நிற்கும் இடமும் முக்கியம். யானை வழித்தடத்தில் இருந்த 27 ரிசார்ட்டுகளை மூட உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மசினகுடி, பொக்காபுரம் பக்கத்து அந்த வழித்தடத்தை 2020 அக்டோபரில் உறுதி செய்தது. கொடைக்கானலில் அனுமதி மீறிய கட்டடங்களுக்கு 2019-ல் சீல் வைத்தார்கள். 25 வருஷம் என்பது குறிஞ்சி இரண்டு முறை பூத்து ஓயும் காலம்: 2018-க்குப் பிறகு 2030, அப்புறம் 2042. அவ்வளவு காலம் அந்தக் கட்டடம் அதே நிறுவனத்தின் கையில் இருக்குமா? பட்டியலில் உள்ள ரிசார்ட்டுகளில் சொந்தம் எத்தனை, குத்தகை எத்தனை, குத்தகை எந்த வருஷம் முடிகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ‘பட்டியல் மாற்றத்துக்கு உட்பட்டது’ என்ற வரி அநேகமாக இருக்கும். ஊட்டிக்காகவே வாங்குபவருக்கு அந்த ஒரு வரி போதும், வேண்டாம் என்று எழுந்துவர.

தங்கிப் பார்க்காமல் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெரும்பாலான ரிசார்ட்டுகள் உறுப்பினர் அல்லாதவருக்கும் இணையத்தில் அறை விடுகின்றன. வாங்க நினைக்கும் அதே ரிசார்ட்டில், அதே அறை வகையில், மழைக்காலத்தில் இரண்டு இரவு பணம் கொடுத்துத் தங்குங்கள். உள்ளே போனதும் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஈர நாற்றம் இருந்தால் கம்பளியிலும் இருக்கும். மலையை வெட்டிக் கட்டிய இடங்களில் பின்பக்க அறைகள் மண்சுவரை ஒட்டியே இருக்கும். ஜன்னலைத் திறந்தால் நான்கடியில் தடுப்புச் சுவர், அதில் பாசி, வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. தரையை ஒட்டிய சுவர்ப் பூச்சை விரலால் அழுத்தினால் உப்பிப் பொரிந்து வரும். அப்படி எத்தனை அறை, யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதை வரவேற்பில் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், ரூம் ஹீட்டருக்குத் தனிக் காசா, மே மாதம் தண்ணீர் லாரி வருகிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள். சாப்பாட்டு விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே எட்டுப் பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் ரிசார்ட்டில் மூன்று வேளையும் அங்கேதான்; இல்லாவிட்டால் டாக்சி. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்தில் அறை வாடகையை எட்டிப் பிடிக்கும் செலவு இது.

விதிமுறைப் புத்தகத்தில் ஆட்கள் கணக்கு என்று ஒரு பக்கம் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஸ்டூடியோ (தனிப் படுக்கையறை இல்லாத ஒற்றை அறை) என்றால் இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர் என்பது போல. எத்தனை வயது வரை சிறுவர்? 12 என்றால், இன்று எட்டு வயதுப் பிள்ளைக்கு நான்கு வருஷம்தான் அந்த அறை. மிச்சம் 21 வருஷத்துக்குக் கூடுதல் ஆள் கட்டணம், அல்லது ஒரு பெட்ரூமுக்கு அப்கிரேட். தாத்தா பாட்டியையும் கூட்டிப்போக நினைப்பவர் முதல் நாளே இந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். கூடவே, உறுப்பினர் வராமல் உறவினரை அனுப்பினால் தனிக் கட்டணம் உண்டா என்பதும்.

வெளியேறும் கதவு எப்படி என்று உள்ளே போகும்போதே பாருங்கள். கட்டும் தொகையைச் சேர்க்கைக் கட்டணம், உரிமைக் கட்டணம் என்று இரண்டாகப் பிரித்திருந்தால், முதலாவது திரும்ப வராது; இரண்டாவதில் மீதி வருஷங்களுக்கான பங்கு மட்டும் வரும். 60க்கு 40 என்று பிரித்திருந்தால், 5 லட்சத்தில் 3 லட்சம் கையெழுத்தோடு போயிற்று. டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம்; இங்கே ஒப்பந்தம் எத்தனை நாள் தருகிறதோ அவ்வளவுதான். அந்த நாள் பணம் கட்டியதிலிருந்தா, புத்தகம் கைக்கு வந்ததிலிருந்தா என்று பாருங்கள். விலகுவதானால் போனில் சொல்லிப் பயனில்லை. “மேனேஜர் கூப்பிடுவார் சார்” என்றே கெடு தாண்டிவிடும். அன்றே மின்னஞ்சல், அதன் பிரதி ஸ்பீட் போஸ்டில், ரசீது பத்திரம்.

வாய்ப்பேச்சுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. ‘இதில் உள்ளதே முழு ஒப்பந்தம்’ என்று ஒரு பிரிவு இருக்கும். “மே மாசம் கண்டிப்பா கிடைக்கும்” என்று சொன்னவரிடம் அதையே நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். இன்று மட்டும்தான் இந்த விலை என்றால், நாளைக்கு அதே விலையைக் கேட்டு ஒரு போன் போடுங்கள், பெரும்பாலும் இன்னும் குறையும். தங்காவிட்டால் வட்டியோடு பணம் திரும்பும் என்று சொல்லும் திட்டம் வேறு ஜாதி, அது விடுமுறைப் பெயரில் முதலீடு. அறை இரவுகள் என்று பணம் திரட்டிய பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனத்தின் திட்டத்தைக் கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி முடிவு செய்து, 2016-ல் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது.

வழக்கு மும்பையிலோ ஐதராபாத்திலோதான், மத்தியஸ்தர் மூலம்தான் என்று அச்சிட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து வைப்பது நல்லது.

ஆக, ஊட்டி, கொடை இரண்டுக்கு மட்டும், பள்ளி விடுமுறையில் மட்டும் போகும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு இது வேண்டாத பொருள். ஓய்வு பெற்று, நினைத்த செவ்வாய்க்கிழமை கிளம்பக்கூடிய தம்பதி, கூர்க், கோவா, சிம்லா என்று பல ஊரும் வருஷம் தவறாமல் சுற்றுபவர்கள் யோசிக்கலாம். அவர்களும் புதிதாக வாங்குவதற்கு முன், விலக நினைக்கும் பழைய உறுப்பினரிடம் விசாரிக்க வேண்டும். மறுவிற்பனையில் விலை மளமளவென்று இறங்கியிருக்கும். பராமரிப்பு பாக்கி இல்லை என்ற கடிதம், மாற்றுக் கட்டணம், மிச்ச வருஷம், மாற்றி வாங்குபவருக்கும் அதே சீசன் உரிமை வருமா, இந்த நான்கையும் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கிய பிறகு பணம்.

வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒன்று. உங்கள் மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், ஆள் தயார், பதிவுக்கும் ஜிஎஸ்டிக்கும் முதலில் 15,000 போடுங்கள் என்று ஒரு போன் வரும். உங்கள் பெயர், உறுப்பினர் எண் எல்லாம் சரியாகவே சொல்வார்கள். கமிஷனை விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.